பரப்பளவுக்கென்றே ஒரு ஞாயிறு வகுப்பு: தர்மபுரியிலிருந்து ஒரு மதிப்புரை

தர்மபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் ஞாயிறு வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. வகுப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது, துண்டறிக்கையும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் முழுவதையும் அவர் நடத்துவதில்லை. இரண்டாம் தொகுதியில் வரும் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்ற ஒரே பாடத்தை, அதிலும் ஒரு வளைவரைக்குக் கீழே அடைபடும் பரப்பை வரையறுத்த தொகையீட்டால் காணும் பகுதியை நடுவில் வைத்து, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்கி அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாக முடித்துவிடுகிறார். கட்டணம் 1,800 ரூபாய். என் மகள் இந்த ஆண்டு அங்கே படித்தாள். பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்பதை அவர் தடுப்பதில்லை என்பதால், இளநிலைப் பட்டத்துக்குக் கணிதம் படித்த நானும் பெரும்பாலான வகுப்புகளைக் கேட்டேன்.

ஒரு பாடத்துக்கு மட்டும் இவ்வளவு பணமா என்ற கேள்வி நியாயமானதே. பொதுத் தேர்வின் 90 மதிப்பெண் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20-க்கும், இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களில் வகைக்கு ஏழுக்கும் விடை எழுத வேண்டும். இவை பன்னிரண்டு பாடங்களுக்கும் பரவிக் கிடப்பதால், எந்த ஒரு பாடமும் தனியாக நின்று ஒரு மாணவரைக் கரையேற்றிவிடாது. ஆயினும் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100 என்பதையும், பரப்பளவுக் கணக்கில் படம் தவறினால் எல்லைகளும், எல்லைகள் தவறினால் விடையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்துவிடும் என்பதையும், இயற்பியலில் விசை இடப்பெயர்ச்சி வரைபடத்திலிருந்து வேலையைக் காண்பதற்கும் திசைவேகம் காலம் வரைபடத்திலிருந்து இடப்பெயர்ச்சியைக் காண்பதற்கும் இதே கருத்துதான் கைகொடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பாடத்தைத் தனியாகப் படிப்பதில் பொருள் இருக்கிறது. கேள்வி, இந்த வகுப்பு அதைச் சரியாகச் செய்கிறதா என்பதுதான்.

முதல் வகுப்பில் தொகையீட்டுக் குறியே கரும்பலகையில் தோன்றவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வரைபடத் தாள். ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தை எக்ஸின் மதிப்பு 0 முதல் 3 வரை வரைந்து, அதற்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் பார்த்தே ஓர் எண்ணை எழுதச் சொன்னார். பிறகு ஓர் அலகு அகலமுள்ள மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இடப்பக்க உயரத்தை வைத்துச் செவ்வகம் கட்டினால் 0, 1, 4 ஆகியவற்றின் கூடுதல் 5 என்றும், வலப்பக்க உயரத்தை வைத்துக் கட்டினால் 1, 4, 9 ஆகியவற்றின் கூடுதல் 14 என்றும் வந்தது. உண்மையான பரப்பு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பட்டையின் அகலத்தைப் பாதியாக்கி ஆறு பட்டைகளாக்கியபோது கீழ்க்கூடுதல் 6.875 ஆகவும் மேற்கூடுதல் 11.375 ஆகவும் மாறின.

இதுவரை எந்தப் பாடநூலும் செய்வதுதான். அடுத்து அவர் செய்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மேற்கூடுதலுக்கும் கீழ்க்கூடுதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் சிறு செவ்வகங்களை மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லி, அவற்றையெல்லாம் கிடைமட்டமாக வலப்பக்கம் தள்ளி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். வளைவரை தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதால், அந்தச் செவ்வகங்கள் இடைவெளியோ மேற்கவிதலோ இல்லாமல் ஒரே தூணாக அமைந்துவிடுகின்றன. தூணின் உயரம் எப்போதும் 9. அகலம் ஒரு பட்டையின் அகலம். மூன்று பட்டைகளில் வேறுபாடு 9, ஆறு பட்டைகளில் 4.5 என்று வந்ததன் காரணம் இதுதான். பட்டைகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தூண் மெலிந்துகொண்டே போய் ஒரு கோடாகிவிடும் என்பதை, பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு மாணவி ஆசிரியர் சொல்லும் முன்பே சொல்லிவிட்டாள். மேற்கூடுதலும் கீழ்க்கூடுதலும் ஒரே எண்ணை நெருங்குவதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தைப் பள்ளி மாணவர்களிடம் சொல்ல முடியுமா என்பது ஐயமே. பத்தாம் வகுப்பில் படித்த வர்க்கங்களின் கூடுதல் சூத்திரத்தைக் கொண்டு அந்த எண் 9 என்று அடுத்த அரை மணி நேரத்தில் நிறுவினார்கள். 3 அலகு அகலமும் 9 அலகு உயரமும் உள்ள செவ்வகத்தின் பரப்பு 27. அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு பரவளையத்துக்குக் கீழே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் குறிப்புக்குப் பின்னால் வேலை இருந்தது.

இதன் பிறகுதான் மடிக்கணினி திறக்கப்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ரா மென்பொருளில் அதே வளைவரையை வரைந்து, பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார். 30 பட்டைகளில் 8.555, 9.455, 300 பட்டைகளில் 8.955, 9.045. மாநிலப் பாடநூலின் இணையச் செயல்பாடுகளிலும் இந்த மென்பொருள் இடம்பெறுகிறது என்றாலும், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் மாணவர்கள் குறைவு. கையால் ஆறு பட்டைகளைக் கணக்கிட்டுச் சலித்தவர்களுக்கு முந்நூறு பட்டைகள் கண்முன் நிரம்புவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. கையால் செய்யாதவர்களுக்கு அது வெறும் அசையும் படம். ஆசிரியர் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது சரியான முடிவு.

வகுப்பின் கட்டணம் நியாயமானது என்று நான் கருதுவதற்கு முதற்காரணம், நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தை அவர் நடத்திய விதம். பரப்புக்கும் வகையிடலுக்கும் என்ன உறவு என்பது பெரும்பாலான மாணவர்களுக்குக் கடைசி வரை புதிராகவே நின்றுவிடுகிறது. வகைக்கெழுவைத் திருப்பிப் போட்டால் தொகையீடு, அதில் மேல் எல்லையைப் போட்டுக் கீழ் எல்லையைக் கழித்தால் பரப்பு என்று மனப்பாடம் செய்து முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். தொடுகோட்டின் சாய்வோடு தொடங்கிய ஒரு செயல் எப்படிப் பரப்பில் வந்து முடிகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். நானும் கல்லூரியில் தேற்றத்தின் நிறுவலைப் படித்தவன்தான். அங்கே எழுத்துகள் இருந்தன, படம் இல்லை.

இங்கே கரும்பலகையில் ஒரு வளைவரை, இடப்பக்கம் அசையாத ஒரு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் நகரக்கூடிய ஒரு சுவர். சுவர் எங்கே நிற்கிறதோ அதுவரை சேர்ந்த பரப்பு, சுவரின் இடத்தைப் பொறுத்த ஒரு சார்பு. சுவரை மிகச் சிறிதளவு வலப்பக்கம் தள்ளினால் புதிதாகச் சேர்வது ஒரே ஒரு மெல்லிய பட்டை. அதன் உயரம் ஏறத்தாழ அந்த இடத்தில் வளைவரையின் உயரம். அகலம் சுவர் நகர்ந்த தூரம். சேர்ந்த பரப்பைச் சுவர் நகர்ந்த தூரத்தால் வகுத்தால் மிஞ்சுவது வளைவரையின் உயரம். அதாவது, பரப்பு வளரும் வேகம் என்பது அந்தந்த இடத்தில் வளைவரையின் உயரமே. ஆகவே பரப்புச் சார்பை வகையிட்டால் மூலச் சார்பு வந்துவிடுகிறது. பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், எதை வகையிட்டால் மூலச் சார்பு கிடைக்குமோ அந்த எதிர் வகையீட்டைத் தேடினால் போதும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்த வாதத்தில் வளைவரை திடீரென்று தாவினால் எந்த வரி உடையும் என்று கேட்டார். தொடர்ச்சி என்ற நிபந்தனை அங்கே அதற்குரிய இடத்தில் வந்து அமர்ந்தது. பாடநூலில் தேற்றத்தின் முதல் வரியில் அது நிற்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை.

"சார், அந்த மாறிலி சி எங்கே போச்சு?" என்று ஒரு மாணவன் கேட்டான். எதிர் வகையீட்டில் எந்த மாறிலியைச் சேர்த்தாலும், மேல் எல்லையில் கிடைக்கும் மதிப்பிலும் கீழ் எல்லையில் கிடைக்கும் மதிப்பிலும் அது ஒரே அளவாக இருப்பதால் கழிக்கும்போது போய்விடுகிறது என்று விளக்கி, 5, 100, குறை 7 ஆகிய மூன்று மாறிலிகளைச் சேர்த்து மூன்று முறையும் 9 வருவதைக் காட்டினார். தொகையீட்டுக் குறியை லைப்னிட்ஸ் 1675-இல் அறிமுகப்படுத்தினார் என்பதும், கூடுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியதே அது என்பதும் அன்றைய வகுப்பில்தான் வந்தன. பட்டைகளைக் கூட்டிப் பழகிய பிறகு அந்தக் குறியைப் பார்ப்பவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இனி, குறி பற்றிய பகுதி. ஒய் = எக்ஸ்² − 4 என்ற வளைவரை, எக்ஸ் அச்சு, எக்ஸ் = 0, எக்ஸ் = 3 ஆகியவற்றால் அடைபடும் பரப்பைக் காண்க என்று ஒரு கணக்கு. நேராகத் தொகையிட்டால் விடை குறை 3. என் மூத்த மகன் சில ஆண்டுகளுக்கு முன் படித்த ஒரு பெரிய பயிற்சி நிலையத்தில், பரப்பு குறை எண்ணாக வந்தால் குறியை நீக்கிவிட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதன்படி விடை 3 என்றாகிறது, அது தவறு. வளைவரை எக்ஸ் = 2 என்ற இடத்தில் அச்சைக் கடக்கிறது. 0 முதல் 2 வரை அது அச்சுக்குக் கீழே கிடப்பதால் அந்தத் துண்டின் தொகையீடு குறை 16/3. 2 முதல் 3 வரை மேலே இருப்பதால் 7/3. பரப்பு என்பது எண்ணளவுகளின் கூடுதல் ஆகையால் 23/3 சதுர அலகுகள். கடைசியில் ஒருமுறை குறியை நீக்குவதற்கும், துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் குறியையும் கவனிப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஐந்து மதிப்பெண்ணும் போய்விடக்கூடும்.

ஆசிரியர் இதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் செலவிட்டார், அது வீணாகவில்லை. சைன் வளைவரையை 0 முதல் 2 பை வரை தொகையிட்டால் 0 வருகிறது. ஆனால் மேலே இருக்கும் மேட்டின் பரப்பு 2, கீழே இருக்கும் பள்ளத்தின் பரப்பு 2, மொத்தப் பரப்பு 4. குறை எண் வந்தது கணக்கின் பிழையன்று, அதற்கும் பொருள் உண்டு என்பதை உணர்த்த, திசைவேகம் காலம் வரைபடத்தை எடுத்துக்கொண்டார். அச்சுக்கு மேலே உள்ள பரப்பு முன்னோக்கிச் சென்றதையும், கீழே உள்ளது திரும்பி வந்ததையும் குறிக்கும். குறியோடு கூட்டினால் இடப்பெயர்ச்சி, குறியின்றிக் கூட்டினால் கடந்த தொலைவு. வினாவில் கேட்பது தொகையீட்டின் மதிப்பா அல்லது பரப்பா என்று முதலில் அடிக்கோடிட வேண்டும் என்ற பழக்கம் என் மகளுக்கு அன்றுதான் வந்தது.

படம் வரையாமல் ஒருவரையும் தொகையிட அவர் விடுவதில்லை. பரவளையம் ஒய்² = 4எக்ஸ், நேர்க்கோடு ஒய் = 2எக்ஸ் − 4 ஆகியவற்றுக்கு இடையே அடைபடும் பரப்பைக் கேட்கும் கணக்கில் இதன் பயன் நன்றாகத் தெரிகிறது. இரண்டும் வெட்டும் புள்ளிகள் (1, −2), (4, 4). படம் இல்லாமல் தொடங்கும் மாணவர்கள் எக்ஸ் 1 முதல் 4 வரை செங்குத்துப் பட்டைகளை அடுக்கிவிட்டு, அதற்கு இடப்பக்கம் 0 முதல் 1 வரை பரவளையத்தின் இரு கைகளுக்கும் நடுவில் இருக்கும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். வகுப்பில் பாதிப்பேர் இப்படித்தான் 19/3 என்று எழுதினார்கள். விடுபட்ட பகுதியின் பரப்பு 8/3. இரண்டையும் கூட்டினால் 9. கிடைமட்டப் பட்டைகளாக எடுத்தால் பிரிக்க வேண்டியதே இல்லை: ஒவ்வொரு பட்டையும் இடப்பக்கம் பரவளையத்திலும் வலப்பக்கம் நேர்க்கோட்டிலும் முடிகிறது, ஒய்யின் எல்லைகள் குறை 2 முதல் 4 வரை, ஒரே தொகையீட்டில் 9 வந்துவிடுகிறது. எந்தத் திசையில் பட்டை எடுப்பது என்பதற்கு அவர் சூத்திரம் எதுவும் தரவில்லை. அளவுகோலைப் படத்தின்மேல் வைத்து மெல்ல நகர்த்தி, அது உள்ளே நுழையும் எல்லையும் வெளியேறும் எல்லையும் கடைசி வரை மாறாமல் இருக்கும் திசையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

அதே கணக்கை அவர் இன்னொரு வழியிலும் சரிபார்த்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ், பரவளையத்தை ஒரு நாண் வெட்டும் துண்டின் பரப்பு, அதனுள் வரையப்படும் ஒரு குறிப்பிட்ட முக்கோணத்தின் பரப்பில் மூன்றில் நான்கு மடங்கு என்று நிறுவியிருக்கிறார். நாணுக்கு இணையான தொடுகோடு பரவளையத்தைத் தொடும் புள்ளியே அந்த முக்கோணத்தின் மூன்றாவது முனை. இங்கே அந்தப் புள்ளி (1/4, 1). முக்கோணத்தின் பரப்பு 6.75, அதன் மூன்றில் நான்கு மடங்கு 9. தொகையீட்டுக் குறி பிறப்பதற்குச் சுமார் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு முடிவு தங்கள் விடைத்தாளில் வந்து பொருந்துவதைக் கண்ட மாணவர்களின் முகங்களைப் பார்த்தபோது, இந்தச் சரிபார்ப்பு பொதுத் தேர்வில் எழுத முடியாதது என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. சில பெற்றோர்கள் வேறுவிதமாக நினைக்கலாம்.

ஒகேனக்கல் கணக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பெயரைச் சேர்த்தால் பாடம் எளிதாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஒட்டவைக்கப்படும் அலங்காரமாக இது இருக்குமோ என்று முதலில் ஐயப்பட்டேன். ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று நாளிதழ்களில் படிப்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய செய்தி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் கன அடி எப்படி டிஎம்சி ஆகிறது என்று கேட்டபோது ஒருவரும் பேசவில்லை. காலத்தைக் கிடை அச்சிலும் நீர்வரத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், வளைவரைக்குக் கீழுள்ள பரப்புதான் வந்து சேர்ந்த நீரின் மொத்தக் கன அளவு. ஒரு நாளில் 86,400 விநாடிகள். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. நீர்வரத்து ஒரே சீராக விநாடிக்கு 11,574 கன அடி இருந்தால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு டிஎம்சி வந்து சேரும். காலை 8,000 கன அடியாக இருந்தது சீராக உயர்ந்து மறுநாள் காலை 20,000 ஆனால், சரிவகத்தின் பரப்பு 120.96 கோடி கன அடி, அதாவது சுமார் 1.21 டிஎம்சி.

இதுவரை தொகையீடு தேவைப்படவில்லை என்பதை அவரே சொல்லிவிட்டு, அடுத்த கணக்குக்குப் போனார். நீர்வரத்து 10,000 கன அடியிலிருந்து ஏறி, ஒரு நாளில் 40,000 என்ற உச்சத்தைத் தொட்டு, மறுநாள் முடிவில் மீண்டும் 10,000-க்கு இறங்குகிறது. ஏற்ற இறக்கம் ஒரு பரவளையம் என்று கொள்க. எண்கள் கற்பனையானவை என்பதை அவர் மறைக்கவில்லை. பரவளையத்துக்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு என்று முதல் வகுப்பில் குறித்துக்கொண்டது இங்கே பயன்பட்டது: கவிழ்ந்த பரவளையம் தன்னைச் சூழும் செவ்வகத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கும் 30,000 உயரத்துக்குமான செவ்வகத்தில் மூன்றில் இரண்டு பங்கு 3.456 டிஎம்சி, அடியில் நிலையாக ஓடிய 10,000-க்கு 1.728 டிஎம்சி, ஆக மொத்தம் 5.184 டிஎம்சி. தொகையிட்டும் அதே விடையை வரவழைத்தார்கள். என் ஐயம் அங்கே தீர்ந்தது. உச்ச அளவு மட்டும் செய்தியில் பெரிதாக வந்தாலும், அணைக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை உச்சம் தனியாகச் சொல்லாது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் சேர்ந்தே சொல்லும் என்பதைப் பரப்பு என்ற கருத்து இல்லாமல் விளக்க முடியாது.

கடைசிக்கு முந்தைய வகுப்பில் ஒரு பொறி வைத்தார். ஒன்றின்கீழ் எக்ஸ் வர்க்கம் என்ற சார்பைக் குறை 1 முதல் 1 வரை தொகையிடுக என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் விரைவாக எழுதினார்கள். எல்லோருக்கும் குறை 2 வந்தது. எங்குமே அச்சுக்குக் கீழே இறங்காத ஒரு வளைவரைக்குக் குறை எண் எப்படி வரும் என்று கேட்டு, படம் வரையச் சொன்னார். எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது வளைவரை எல்லையின்றி மேலே போய்விடுகிறது. அங்கே தொடர்ச்சி இல்லை. ஆகவே எதிர் வகையீட்டில் எல்லைகளைப் போட்டுக் கழிக்கும் உரிமையும் இல்லை. சுவர் நகரும் படத்தில் எந்த வரி உடையும் என்று முன்பு கேட்டாரே, அந்தக் கேள்விக்கான விடை இதுதான். முறையற்ற தொகையீடுகளைப் பற்றிப் பாடநூல் பேசும் இடத்துக்கு இப்படி வந்து சேர்வது, வரையறையிலிருந்து தொடங்குவதைவிட எவ்வளவோ மேல்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. வடிவியலில் ஆசிரியருக்கு இருக்கும் பற்று, அதே பாடத்தின் மற்ற பகுதிகளை ஓரங்கட்டிவிடுகிறது. வரையறுத்த தொகையீட்டின் பண்புகள், குறைப்புச் சூத்திரங்கள், காமா தொகையீடு ஆகிய மூன்றும் ஒரே காலையில் ஓட்டமாக முடிக்கப்பட்டன. ஒரு மதிப்பெண் வினாக்களும் இரண்டு மதிப்பெண் வினாக்களும் இந்தப் பகுதிகளிலிருந்தும் வருவதால், இவற்றைப் பள்ளியிலோ வீட்டிலோ தனியாகப் படிக்காமல் இந்த வகுப்பை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஏமாற நேரும். சுழற்சித் திண்மத்தின் கன அளவுக்கும் போதிய நேரம் தரப்படவில்லை. பரப்பு தெரிந்தவனுக்குக் கன அளவு தானே வரும் என்பது அவர் வாதம். வட்டத்தகடுகளாக வெட்டிக் கூட்டுகிறோம் என்ற கருத்து தானாக வரலாம். எந்த அச்சைச் சுற்றிச் சுழற்றுகிறோம் என்பதில் மாணவர்களுக்கு வரும் குழப்பம் தானாகத் தீருவதில்லை.

நேரக் கட்டுப்பாடு என்பது அங்கே அறவே இல்லை. ஒரு பரப்பளவுக் கணக்குக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, பரவளையத்தை அழகாக வரைந்து, நிழலிட்டு, இரு வழியில் சரிபார்க்கும் மாணவர்களை அவர் பாராட்டுகிறார். மூன்று மணி நேரத் தேர்வில் அது கட்டுப்படியாகாது. வரைபடத் தாள் இல்லாமல், விடைத்தாளின் ஓரத்தில் இரண்டு நிமிடத்தில் தோராயமான படம் போட்டு, வெட்டும் புள்ளிகளை மட்டும் குறித்துக்கொண்டு எழுதும் பயிற்சியைக் கடைசி இரண்டு வகுப்புகளிலாவது சேர்த்திருக்கலாம். இதை நான் அவரிடமே சொன்னேன். சிரித்துக்கொண்டு, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஊரெல்லாம் வகுப்பு இருக்கிறதே என்றார். பதில் சுவையானது, ஆனால் கட்டணம் செலுத்திய பெற்றோருக்கு அது போதாது.

வழங்கப்படும் பயிற்சித் தாள்கள் கையெழுத்துப் பிரதியின் ஜெராக்ஸ். தமிழ்வழி, ஆங்கிலவழி மாணவர்கள் இருவருக்கும் பயன்படும்படி வினாக்கள் இரு மொழியிலும் இருப்பது நல்லது. படங்கள் பல இடங்களில் மங்கிப்போய், அச்சு எது, வளைவரை எது என்றே தெரியவில்லை. விடைகள் மட்டும் இருக்கின்றன, படிநிலைகள் இல்லை. ஏறக்குறைய நாற்பது பேர் அமரும் இடத்தில் ஒருவரே எல்லாத் தாள்களையும் திருத்துவதால், முன்வரிசைக்குக் கிடைக்கும் கவனம் பின்வரிசைக்குக் கிடைப்பதில்லை. பென்னாகரத்திலிருந்தும் பாப்பாரப்பட்டியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தைப் பிடித்து வருபவர்களே பெரும்பாலும் பின்வரிசையில் சேர்கிறார்கள் என்பது ஆசிரியர் கவனிக்க வேண்டியது. மாடிக்குத் தகரக் கூரை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அவர் பேசுவது கேட்காது, மின்சாரம் போனால் புரொஜெக்டரும் இல்லை. அத்தகைய நாளில் ஈடு வகுப்பு வைக்கிறார், ஆனால் அறிவிப்பு முந்தைய நாள் இரவில்தான் வருகிறது.

பாடத்தில் ஓரளவு தேறி, பரப்பளவுக் கணக்குகளில் மட்டும் தடுமாறுகிறவர்களுக்கும், கல்லூரியில் கணிதமோ பொறியியலோ படிக்க எண்ணுகிறவர்களுக்கும் இந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அடிப்படைத் தொகையிடல் சூத்திரங்களே இன்னும் கைவராதவர்கள் முதலில் பதினோராம் வகுப்புப் பகுதியை முடித்துவிட்டுப் போவது நல்லது. அங்கே அவற்றைத் திரும்ப நடத்துவதில்லை. தேர்ச்சி பெற்றால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பணத்தை வேறு பாடத்தில் செலவிடுவதே பயனளிக்கும்.

சேர விரும்புவோர் காலாண்டு விடுமுறையிலேயே மாணவரையும் அழைத்துக்கொண்டு நேரில் செல்ல வேண்டும். தொலைபேசியில் இடம் ஒதுக்குவதில்லை. கட்டணத்தை இரண்டு தவணையாகச் செலுத்தலாம். இடையில் நின்றுவிட்டால் இரண்டாம் தவணையைக் கேட்பதில்லை. வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு முடிகிறது. வரைபடத் தாள், ஓர் அடி அளவுகோல், பென்சில் இல்லாமல் வருபவர்களை அவர் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார். தெருமுனைக் கடையில் வரைபடத் தாள் தனித்தனியாகவே கிடைக்கிறது.